எனக்கும் ஒரு வண்டி இருக்கு!

பல வருடமாக இந்தப் பகுதியை ஒரு வரி விடாமல் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்களுக்குத் திண்டுக்கல். என்னவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். வீட்டில் நாங்கள் நாலு பேர். வண்டிகள் மூன்று. தினமும் வேலைக்குப் போக ஒரு ஸ்ப்ளெண்டர். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு 1988 மாடல் புல்லட். இது போதாதென்று, ஒரு ஆர்.எக்ஸ். 100. அதற்கு வாசலில் இடமில்லாமல், என் துவைக்கிற கல்லை நகர்த்தி நிறுத்தியிருக்கிறார். 'மூணு வண்டி எதுக்குங்க, உட்கார்றது ஒரு ஆள்தானே' என்று கேட்டால், 'உனக்குப் பட்டுப் புடவை எத்தனை இருக்கு?' என்பார். அதோடு என் வாய் அடைத்துவிடும்!

ஞாயிறு காலையில் இவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். சிறுமலைக்குப் போய், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கி, எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் சுக்குக் காபியும் உளுந்த வடையும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் பெயரைக் கூட அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, 'வேற என்ன வண்டி வச்சிருக்கீங்க?' என்பதுதான். நம்ம பக்கம் 'எத்தனை குழந்தைங்க?' என்று கேட்கிற மாதிரி!

அடுப்படியில் நின்று வடை தட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி பாடம் வந்துவிட்டது. பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், புல்லட்டோடு ஒரு எஸ்டியும் வைத்திருக்கிறார். மைசூரில் செய்த வண்டி. அந்தக் கம்பெனியை 1996-ல் மூடிவிட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற கிக்கர்தான் கியர் லீவரும்! உதைத்து முடித்ததும் அதையே மடக்கிக் கியர் போட வேண்டுமாம். 'ஒரே கரண்டியில சாம்பாரும் ஊத்தி, தோசையும் திருப்பற மாதிரி' என்று நான் சொன்னதற்கு, அன்று முழுக்கச் சிரித்தார்.

லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடமும் ஒரு ஆர்.எக்ஸ். 100 உண்டு. 1985-ல் வர ஆரம்பித்து 1996-ல் நின்றுபோன வண்டி. நூறு சி.சி.கூட முழுசாக இல்லை. ஆனால் கிளம்பினால் பெரிய வண்டியெல்லாம் பின்னால்தான். நின்றுபோனதால்தான் மவுசு. உதிரி பாகத்துக்கு ஊர் ஊராக அலைகிறார்கள். இன்னொருவர் அவருடைய அப்பாவின் சேத்தக் ஸ்கூட்டரை வைத்திருக்கிறார். ஸ்டார்ட் ஆகாவிட்டால் இடது பக்கம் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, மறுபடி உதைப்பார். எங்கள் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்த காட்சிதானே!

புல்லட் பெருமையைப் பேச ஆரம்பித்தால் நிற்காது. சீமையில் பிறந்த வண்டி, 1950-களிலேயே சென்னை திருவொற்றியூருக்கு வந்து நம்ம ஊர் வண்டி ஆகிவிட்டது. அங்கே தயாரிப்பு நின்ற பிறகும் இங்கே நிற்கவே இல்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்ப்ளெண்டரில் எல்லாம் நேர் எதிர். ஞாயிறு புல்லட் ஓட்டிவிட்டுத் திங்கள்கிழமை ஸ்ப்ளெண்டரில் ஏறினால் என்னவருக்கே முதல் பத்து நிமிடம் கால் தடுமாறுகிறது. பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, ஒரு நாள் காய்கறி வண்டி மேலேயே போய் நின்றார். இரண்டு கிலோ தக்காளிக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்ததை என்னிடம் சொல்லவில்லை. காய்கறிக்காரம்மா சொல்லித்தான் தெரியும்!

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனி சொல்லப் போவதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம்.

என் அப்பா நிலக்கோட்டைப் பக்கம் பூ வியாபாரி. கடை வைத்தவர் இல்லை. விடியற்காலை இருட்டோடு எழுந்து, தோட்டம் தோட்டமாகப் போய் மல்லிகை மொட்டு வாங்கி, மூட்டை கட்டி, மொட்டு விரிவதற்குள் மார்க்கெட்டில் சேர்ப்பார். முதலில் சைக்கிள். 1992-ல் கடன் வாங்கி ஒரு டி.வி.எஸ். 50 எடுத்தார். ஓசூரில் 1980-ல் செய்ய ஆரம்பித்த மொபெட் அது. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. பெடலை மிதித்தால் கிளம்பிவிடும். சீட்டுக்கு முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, டயர் டியூப்பைக் கிழித்து இழுத்துக் கட்டுவார். நனைந்த சாக்கின் வாசமும், பெட்ரோல் வாசமும், மல்லிகை வாசமும் கலந்து வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

பெட்ரோல் போடும்போது கூடவே ஆயிலும் கலக்க வேண்டும். மறந்தால் பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். 'வண்டிக்கு ஆயில், மனுஷனுக்குத் தூக்கம், ரெண்டையும் குறைச்சா மாட்டிக்குவோம்' என்பார். ஆனால் தூக்கத்தைக் குறைத்தபடிதான் ஓடினார். மார்கழிப் பனியில் பூ வரத்துக் குறையும், விலை ஏறும். அந்த மாதம்தான் அவருக்கு நாலு காசு. மப்ளரைக் காதில் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். அண்ணனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது, என் கழுத்தில் ஏறிய எட்டு பவுன், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாமே அந்த வண்டியின் பின் சீட்டில் வந்ததுதான்.

அப்பா 2023-ல் தவறிப் போனார். வண்டி மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாக்குப் போர்த்தி நின்றது. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன், 'பழைய இரும்புக்காரன் மூவாயிரம் தர்றேங்கறான். தள்ளிவிட்டுடலாம்னு இருக்கேன்' என்றார்.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. 'அண்ணே, விக்க வேண்டாம். நான் எடுத்துக்கறேன்' என்றேன்.

'கட்டிக் குடுத்த பொண்ணு, உனக்கு எதுக்கு அந்த ஓட்டை வண்டி? ஓட்டக்கூடத் தெரியாது' என்று அண்ணி முன்னால் சிரித்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். திண்டுக்கல் வந்து என்னவரிடம் சொன்னேன். இவராவது புரிந்துகொள்வார், மூன்று வண்டியைக் குழந்தை மாதிரி துடைக்கிற மனுஷன் என்று நினைத்தேன். அவரோ டீயை ஆற்றிக்கொண்டே, 'டி.வி.எஸ். ஃபிப்டியா? அதெல்லாம் ஒரு வண்டியா? வைக்கக்கூட இடமில்ல' என்றார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அவருக்குக் காரணமும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் கூட்டம். மதுரையில் இருந்து புதிதாக ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். 'வேற என்ன வண்டி?' கேள்வி திண்ணையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் கணக்குச் சொன்னார்கள். நான் வடைத் தட்டோடு நின்றிருந்தேன். அந்த அம்மா சும்மா பேச்சுக்கு, 'உங்களுக்கு என்ன வண்டிங்க?' என்று என்னைக் கேட்டுவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தத் திண்ணையில் என்னை யாரும் கேட்காத கேள்வி!

என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது. 'எனக்கும் ஒரு வண்டி இருக்குங்க. எங்கப்பாவோட டி.வி.எஸ். ஃபிப்டி. தொண்ணூத்திரெண்டு மாடல். இரும்புக் கடைக்குப் போகப் போகுது.'

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அடுப்படிக்கு ஓடிவிட்டேன். திண்ணையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பாங்க் சார் பேசியது கேட்டது. 'தம்பி, நம்ம வண்டி எல்லாமே நம்ம காசைத் தின்ன வண்டி. இங்க பேசினதுலயே, ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது அது ஒண்ணுதான். அதை இரும்புக்குப் போடலாமா?'

என்னவர் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே, 'கிளம்பு, உங்க ஊருக்குப் போயிட்டு வரலாம்' என்றார்.

ஊரில் அண்ணன் முதலில் முறைத்தார். அப்போது அம்மாதான் வாசலில் உட்கார்ந்தபடி சொன்னார்: 'உங்கப்பா வண்டி அவகிட்ட இருக்கட்டும். சின்னப் புள்ளையில முன்னாடி மூட்டை மேல உக்காந்து போனவ அவதான்.' அண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, யோசிக்காமல் பேசிவிட்டார்.

சகோதரிகளே, இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் அவர் இறந்தால், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. கல்யாணம் ஆனதால் அது போய்விடாது. சொத்து வீடாக இருந்தாலும் சரி, ஓட்டை மொபெட்டாக இருந்தாலும் சரி.

வண்டியைப் பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 31 கொடுக்க வேண்டும். கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். இறந்த முப்பது நாளைக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் மாற்றிவிட்டால் நல்லது. எங்களுக்குத் தாமதம் ஆனதால் அபராதம் கட்டினோம். பதினைந்து வருடம் ஆன வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 2022-ல், உடம்பு முடியாத நிலையிலும் அதைச் செய்து வைத்திருந்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பூ கட்டுகிற வாழை நாரால் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன்.

அப்புறம் ஒரு மாதம், புல்லட் பக்கமே என்னவர் போகவில்லை. மொபெட்டைப் பிரித்துப் போட்டார். சைலன்சரை நெருப்பில் வாட்டித் தட்டினால் கரி கரியாகக் கொட்டியது. லேத் அண்ணன் ஒரு புஷ் கடைந்து கொடுத்தார். பாங்க் சார் எங்கிருந்தோ பழைய பெடல் தேடிக்கொண்டு வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை என்னவர் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, கையெல்லாம் கிரீஸோடு வந்து, 'உங்கப்பா வண்டியை நல்லா வச்சிருந்திருக்காரும்மா' என்றார். எனக்கு அது போதும்.

கடைசியில் ஒரு நாள் பெடலை மிதித்தார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்! கண்ணை மூடினால் அப்பா தெருமுனையில் வருகிற மாதிரியே இருந்தது.

வண்டியை வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாமல் இருந்தால் எப்படி? முப்பத்தேழு வயதில் எல்.எல்.ஆர். போட்டேன். ஆஞ்சநேயர் கோயில் பக்கத்து மைதானத்தில் என் மகள் பின்னால் ஓடி வர, பழகினேன். இரண்டு தடவை விழுந்தேன். முட்டியில் தழும்பு இருக்கிறது. முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. மைதானத்தில் '8' போட்டுக் காட்ட வேண்டும். முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் '8' போட்டுப் போட்டுப் பார்த்தேன்! இரண்டாம் தடவை கால் ஊன்றாமல் போட்டுவிட்டேன். என்னவர் கேட்டுக்கு வெளியே நின்று கை தட்டினார். ஹெல்மெட் இல்லாமல் தெருமுனை வரைக்கும்கூடப் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவரும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று நானும் ஒரு உத்தரவு போட்டிருக்கிறேன்.

இப்போது ரேஷன் கடை, மாவு மில், மகளின் டியூஷன் எல்லாம் என் வண்டியில்தான். துவைக்கிற கல்லும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆர்.எக்ஸ். 100-ஐத்தான் திண்ணைக்குப் பக்கத்தில் நகர்த்தினார்! போன மார்கழியில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் வரை போனேன். அப்பாவைத் தெரிந்த வயதான வியாபாரி ஒருவர் வண்டி நம்பரைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இரண்டு கை நிறைய மல்லிகையை அள்ளி அம்மா மடியில் போட்டார். காசு வாங்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை யாராவது புதிதாக வந்து, 'வேற என்ன வண்டி வச்சிருக்கீங்க?' என்று கேட்டால், என்னவர் மூன்றைச் சொல்லிவிட்டு, 'நாலாவது வீட்டம்மா வண்டி. அதை அவங்ககிட்டதான் கேக்கணும்' என்கிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் சாக்குப் போர்த்தி ஏதாவது நின்றுகொண்டிருக்கும். அப்பாவின் சைக்கிளாக இருக்கலாம், அம்மாவின் தையல் மிஷினாக இருக்கலாம். இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அது யாருக்குச் சோறு போட்டது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வேண்டும் என்றால் 'எனக்கு வேண்டும்' என்று வாய் திறந்து கேளுங்கள். நான் கேட்காமல் இருந்திருந்தால், எங்கப்பா வண்டி இந்நேரம் உருகிப் போயிருக்கும்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.