இல்லாத விலங்கின் கொம்புக்கு இருந்த விலை

1598இல் இங்கிலாந்து சென்ற ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், வின்ட்சர் அரண்மனையில் தாம் பார்த்த யூனிகார்ன் கொம்பின் மதிப்பு 10,000 பவுண்டுக்கு மேல் என்று குறித்து வைத்திருக்கிறார். வியன்னாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பமோ தன்னிடமிருந்த கொம்பை 1564இல் யாரும் விற்கவோ பங்கு பிரிக்கவோ கூடாத பரம்பரைச் சொத்தாக்கிவிட்டது. யூனிகார்ன் என்பது நெற்றியில் ஒற்றைக் கொம்பு முளைத்த, குதிரை போன்ற ஒரு கற்பனை விலங்கு. அதை வேட்டையாடும் முறைகூட ஏட்டில் இருந்தது. கன்னிப்பெண் ஒருத்தியைக் காட்டில் உட்காரவைத்தால் அது தானே வந்து அவள் மடியில் தலைசாய்க்குமாம். மறைந்திருக்கும் வேடர்கள் பாய்ந்து பிடித்துவிடலாமாம். அப்படி ஒன்றைப் பிடித்துக் கட்டிவந்தவர் எவரும் இல்லை. கொம்பு மட்டும் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தது.

வந்தது உண்மையில் ஒரு பல். கிரீன்லாந்தையும் வடகனடாவையும் ஒட்டிய உறைகடலில் வாழும் நார்வால் என்ற சிறு திமிங்கிலத்தின் இடது மேல்பல், பெரும்பாலும் ஆண் விலங்குகளில், உதட்டைத் துளைத்துக்கொண்டு முறுக்குக் கம்பிபோல் 3 மீட்டர் நீளம்வரை வளரும். அங்குள்ள இனுயிட் மக்கள் நார்வாலை வேட்டையாடியது முதன்மையாக உணவுக்காக. காய்கறி விளையாத அந்தப் பனிநாட்டில் அதன் தோலும் கொழுப்பும் வைட்டமின் சி தரும் முக்கிய உணவு. மிஞ்சிய தந்தம் கருவிகளுக்கும் ஈட்டிகளுக்கும் உதவியது. கிரீன்லாந்தில் குடியேறியிருந்த நார்ஸ் மக்கள், கடல்விலங்கான வால்ரஸின் தந்தத்தோடு இதையும் நார்வே வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கப்பலேற்றியவர் தந்தம் என்று அனுப்பியது, தெற்கே போகப்போகக் கொம்பாகிவிட்டது. வழியில் யார் பொய் சொன்னார் என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. வெட்டியவனுக்கு வாங்குபவனைத் தெரியாது; வாங்குபவனுக்குக் கடலைத் தெரியாது. இந்த இடைவெளி நீண்டிருந்தவரை நடுவில் நின்றவர்கள் வாய் திறக்காமல் இருந்தாலே போதுமானதாக இருந்தது.

ஆனால் தூரம் மட்டும் இவ்வளவு விலையைத் தந்துவிடாது. கி.மு. 400ஐ ஒட்டி, பாரசீக அரசவையில் பணிபுரிந்த கிரேக்க மருத்துவர் தெசியாஸ், இந்தியாவில் ஒற்றைக் கொம்புள்ள காட்டுக் கழுதைகள் உண்டென்றும், அந்தக் கொம்பில் செய்த கிண்ணத்தில் குடிப்பவரை நஞ்சு தீண்டாதென்றும் எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். காண்டாமிருகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் கொடுக்கும் கோப்பையைக்கூட நம்ப முடியாத அரசர்களுக்கு இதைவிட வேண்டிய சரக்கு எது? விலங்கு இருக்கிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம் கேள்வி. வணிகத்தைத் தாங்கியது வாங்கியவரின் உயிர்ப்பயம் என்பதே என் வாதம்.

அந்தக் காலத்து அறியாமைதான் காரணம், விவரம் தெரிந்திருந்தால் வாங்கியிருப்பார்களா என்று கேட்கலாம். விவரம் தெரிந்தவர்கள் அன்றே இருந்தார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே 1582இல் இந்தக் கொம்பு மருந்தை மறுத்து ஒரு நூலே எழுதினார். அரசரின் கோப்பையில் கொம்புத் துண்டை நனைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாமே என்று அவர் கேட்டபோது, எனக்கும் விருப்பம்தான், ஆனால் நம்பிக்கை வேரூன்றிவிட்டதே என்ற பொருளில் தலைமை மருத்துவர் ஷாப்லேன் பதில் சொன்னாராம். கொம்புப்பொடி தராமல் நோயாளி இறந்துபோனால் உறவினர் மருத்துவரைச் சும்மா விடமாட்டார்கள் என்பதையும் பாரே பதிவுசெய்கிறார். இன்றைய மருத்துவமனை வாசல்களுக்கும் பழக்கமான நெருக்கடிதான்.

டென்மார்க் கதை இதைவிட வியப்பானது. கோபன்ஹேகன் மருத்துவர் ஓலே வோர்ம் 1638இல், தந்தம் பொருந்திய மண்டையோட்டைச் சான்றாக வைத்து, இது நார்வாலின் பல்தான் என்று நிறுவினார். அதோடு நின்றாரா என்றால் இல்லை. விலங்குகளுக்கு நஞ்சூட்டி, தந்தப் பொடியைக் கொடுத்துப் பார்த்து, அவை பிழைத்ததாகவும் எழுதினார். யூனிகார்ன் போய்விட்டது, மருந்து தங்கிவிட்டது! அதே நாட்டு அரசர்கள் பிறகு நார்வால் தந்தங்களாலேயே அரியணை செய்து, 1671இல் ஐந்தாம் கிறிஸ்டியனின் முடிசூட்டு விழாவில் அதைப் பயன்படுத்தினார்கள். ரோசன்போர்க் கோட்டையில் இன்றும் அதைக் காணலாம்.

சோதனைகளும் அவரவர் எதிர்பார்த்ததையே காட்டின. 1577இல் மார்ட்டின் ஃப்ரோபிஷரின் மாலுமிகள் வடகடல் கரையில் செத்துக் கிடந்த நார்வாலின் தந்தத்துக்குள், நஞ்சுள்ளவை என்று அன்று கருதப்பட்ட சிலந்திகளை விட்டார்கள். சிலந்திகள் செத்தன, கொம்பு உண்மையென்று முடிவாயிற்று, அது எலிசபெத் அரசிக்குப் போனது. 1661இல் லண்டன் ராயல் சொசைட்டியார் கொம்புப்பொடியால் வட்டமிட்டு நடுவே ஒரு சிலந்தியை விட்டார்கள். அது சர்வசாதாரணமாக வெளியே ஓடிவிட்டது. அதனாலும் வணிகம் நின்றுவிடவில்லை. விலையை இறக்கியது 17ஆம் நூற்றாண்டில் வடகடலில் பெருகிய திமிங்கில வேட்டையும், அதோடு வந்து குவிந்த தந்தங்களும். வரத்து கூடியதும் அரசர்களின் பொருள் மருந்துக்கடைப் பொருளாயிற்று. 1618இல் வெளியான லண்டன் மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற கொம்பு, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீக்கப்படவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொரு மறுப்பு எழும். வரத்துதான் விலையை இறக்கும் என்றால், காண்டாமிருகக் கொம்பையும் பண்ணையில் வளர்த்துச் சந்தையை நிரப்பிவிடலாமே? உயிரோடு வெட்டினாலும் அது மீண்டும் வளரும். தென்னாப்பிரிக்கப் பண்ணையாளர்கள் சிலர் வைக்கும் வாதமே இது. 1977 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை இருக்கிறது. ஆனால் நார்வால் கதையில் விலை இறங்கியதும் வாங்குவோர் குறையவில்லை. அரண்மனைக்கு மட்டும் எட்டிய பொருள் கடைத்தெருவுக்கு வந்தது. நகமும் முடியும் எதனால் ஆனவையோ அந்தக் கெரட்டினால் ஆன காண்டாமிருகக் கொம்பு, புற்றுநோய்க்கு மருந்தென்று நம்பி வாங்கும் இடத்தில் மலிவானால், இதுவரை வாங்க முடியாதவரும் வாங்குவார். கள்ளவேட்டைக் கொம்புக்கும் பண்ணைக் கொம்புக்கும் பொடியில் வேறுபாடு தெரியப்போவதில்லை. நார்வால் தப்பியதற்குப் பனிக்கடல் பெரும் அரணாக இருந்தது. வியட்நாமின் கடைசி ஜாவா காண்டாமிருகத்துக்கு அந்த அரண் இல்லை. 2010இல் அது சுடப்பட்டு, கொம்பு அறுக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அசாம் அரசு 2021 செப்டம்பரில் தன் கருவூலங்களில் இருந்த 2,479 கொம்புகளைப் போகாகாட் நகரில் எரித்தபோது, விற்றால் வனப் பாதுகாப்புக்குப் பணமாகுமே என்று நினைப்பது இயல்புதான். ஆனால் கொம்பு மருந்தல்ல என்று அரசே சொல்லிவிட்டு, அதே கொம்பை மருந்தாக வாங்குபவரிடம் விற்க முடியாது.