திருச்சபைப் பள்ளியின் வாயில்

பள்ளி என்றவுடன் பாடமும் தேர்வுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், பள்ளியின் உயிர் பிள்ளைகள் அங்கே கூடி வாழும் முறையில் இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் உயர்நிலைப் பள்ளிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றைப் பற்றி நான் படித்தறிந்தவற்றை அன்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இப்பள்ளிகளின் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளியின் கண்காணிப்பாளரானார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். ஆசிரியர்கள் அதற்கு இணங்காதபோது, கற்றுத் தேர்ந்த சிறுவர்களைக் கொண்டே மற்றவர்களுக்குக் கற்பித்தார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. 1797-இல் இம்முறையை விளக்கி லண்டனில் நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே ‘சோதனை’ என்னும் சொல் இருப்பது அறிவியல் மாணவனாகிய எனக்கு மகிழ்ச்சி தருகிறது. 1811-இல் ஏழைகளின் கல்விக்காகத் திருச்சபையினர் தேசியக் கழகத்தை நிறுவியபோது, இந்த ‘மதராஸ் முறை’யையே மேற்கொண்டனர்.

பின்னர் அரசும் கல்விப் பொறுப்பை ஏற்றது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் திருச்சபைப் பள்ளிகளை இரு வகையாக்கியது. ஒரு வகையில் நிர்வாகம் பெரிதும் அரசின் கையில் இருக்கும். மற்றது உதவி பெறும் பள்ளி. அதன் நிர்வாகக் குழுவில் திருச்சபையின் பிரதிநிதிகளே பெரும்பான்மையினர். கட்டடச் செலவில் ஒரு பகுதி அவர்களுடையது. அப்பகுதி அன்று பாதியாக இருந்தது. இன்று பத்தில் ஒன்று. 2010-க்குப் பின் பல பள்ளிகள் ‘அகாடமி’ அமைப்புக்கு மாறி, நடுவண் அரசிடம் நேரே நிதி பெறுகின்றன. இவை எவற்றிலும் கல்விக் கட்டணம் இல்லை. இன்று ஏறத்தாழ 4,600 திருச்சபைப் பள்ளிகள் உள்ளன. பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள். உயர்நிலைப் பள்ளிகள் 200-க்குச் சற்று மேல்.

பதினொரு வயதில் உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளை பெரும்பாலும் ஓர் ‘இல்ல’த்தில் சேர்க்கப்படுகிறது. வெவ்வேறு வகுப்பினரும் அதில் இருப்பர். விளையாட்டும் போட்டியும் இல்லவாரியாக நடைபெறும். நாள்தோறும் கூட்டு வழிபாடு உண்டு. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. பல பள்ளிகளில் ஒரு பாதிரியார் இருக்கிறார். வீட்டில் துயரம் நேர்ந்த பிள்ளை, எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும், அவரிடம் மனம்விட்டுப் பேசலாம். நம் ஊர்க் கிறித்தவர்கள் அறுப்பின் பண்டிகை என்று கொண்டாடும் விழாவில், மாணவர்கள் உணவுப் பொருள்களைத் திரட்டி உணவு வங்கிகளுக்கு அளிப்பதும் வழக்கம்.

ஆனால், இந்தக் குடும்பத்தில் யாருக்கு இடம்? புகழ்பெற்ற பள்ளியில் இடத்துக்குப் போட்டி மிகுதி. அப்போது, தவறாமல் கோயிலுக்கு வரும் குடும்பத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை தரப் பள்ளிக்கு உரிமையுண்டு. இடத்துக்காகவே ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்லும் பெற்றோரும் உண்டு என்று குறை கூறுவர். ஏழைகளுக்கென்று பிறந்த பள்ளி, வழி தெரிந்தவர்களுக்கே உரியதாகிவிடலாகாது அன்றோ? இதனை உணர்ந்து பல பள்ளிகள், சமயம் பாராத பொது இடங்களையும் ஒதுக்குகின்றன. திருச்சபைப் பள்ளிகள் சிலவற்றில் முஸ்லிம் பிள்ளைகளே பெரும்பான்மையினர்.

தன் சமயத்தை மறைக்காமலே அயலானுக்கும் இடம் தருவது எளிதன்று. ஆனால், அதுவே இப்பள்ளிகளின் உண்மையான சோதனை என்பது என் கருத்து. வேற்றூரில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நமக்கும் இது புறம்பானதன்று. நம் பொங்கல் விழாவில் நமக்குள்ளேயே கூடிக் கலைகிறோமா, பக்கத்து அறையில் வேறு மொழி பேசும் நண்பனையும் பந்தியில் அமர்த்துகிறோமா? பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பித்த முறை சென்னையிலிருந்து கடல் கடந்து சென்றது. வாயிலைத் திறந்துவைக்கும் வழியை நாம் அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.