இடிமழைக் காலம்: மின்சாரம் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

ரவாங்: மதியம் வெயில் கொளுத்தி, மாலையில் இடியுடன் மழை கொட்டுவது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனால் 2021 டிசம்பரில் சிலாங்கூரைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தின்போது, பாதுகாப்புக்காகப் பல இடங்களில் மின்சாரமே நிறுத்தப்பட்டது. உடுத்திய துணியோடு வெளியேறியவர்கள் பலர்.

எனவே பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், மருந்துச் சீட்டு ஆகியவற்றை நெகிழிப்பையில் கட்டி உயரமான இடத்தில் வையுங்கள். டார்ச் லைட், பவர் பேங்க், குடிநீர், மூன்று நாள் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தோட்ட வீடுகளில் தகரக் கூரையின் ஆணிகளை மழைக்கு முன்பே சரிபாருங்கள்.

வானம் இருண்டதுமே தொலைக்காட்சி, வைஃபை பிளக்குகளைக் கழற்றுங்கள். சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது. மின்னலின் அழுத்தம் அதையும் தாண்டும்.

இடிக்குப் பின் உங்கள் வீடு மட்டும் இருளில் இருந்தால், மின்பெட்டியில் இஎல்சிபி விழுந்திருக்கலாம். கை உலர்ந்திருக்க, சிறிய சுவிட்சுகள் அனைத்தையும் இறக்கி, இஎல்சிபியை மேலே தள்ளுங்கள். பிறகு சிறியவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மீண்டும் விழுகிறதோ, அங்குதான் கோளாறு. அதை இறக்கியே வைத்து, உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

அக்கம்பக்கமும் இருளில் இருந்தால் டிஎன்பியின் 15454 எண்ணுக்கு அழைக்கலாம். அறுந்து விழுந்த கம்பியை நெருங்கவே வேண்டாம். வீட்டில் வெள்ளம் ஏறும் அறிகுறி தெரிந்தால், தரை உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றபடி அதைத் தொடாதீர்கள்.

திறக்காத ஐஸ்பெட்டியில் உணவு சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.