தண்ணியில்லாக் கப்பல்

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் கடற்படைக்குப் போகிறான் என்றதும் ஊரில் சிரித்தார்கள். "தண்ணியில்லாக் காட்டுல பெறந்தவன் தண்ணிக்குள்ளயே குடியிருக்கப் போறான்" என்றாள் அப்பத்தா. முதல் விடுமுறையில் வந்து, கப்பலில் குளிக்கிற குழாயை நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் திறந்துவிடுவார்கள் என்று சொன்னேன். அவள் கடைசிவரை நம்பவில்லை.

லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் இன்ஜின் வேலை படித்துவிட்டு, 1975-ல் பாய்லரைக் கவனிக்கும் ஸ்டோக்கராக நான் ஏறியது ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் 'ஹெர்குலிஸ்' என்று பெயர் வைத்துக் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் போட்டுவிட்ட கப்பல் அது. 1957-ல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் மீதி வேலையை முடித்து, 1961 மார்ச் 4-ல் கடற்படையில் சேர்த்தது. நீளம் 213 மீட்டர். எங்கள் ஊரின் இரண்டு தெருக்களை அதன் மேல் வைத்துவிடலாம்.

விக்ராந்த் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விமானங்கள் நிற்கும் மேல்தளம். அங்கே நான் நின்ற நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் இடம் கீழே, கப்பலை ஓட்டும் நீராவியை உண்டாக்கும் பாய்லர் ரூம். உள்ளே போக இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்கலாம். எண்ணெய் நன்றாக எரிவதற்காக அறை முழுக்கக் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். நுழைந்ததும் காது 'டப்'பென்று அடைத்துக்கொள்ளும். 'வாட்ச்' என்கிற வேலைமுறை நான்கு மணி நேரம். நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான மிடில் வாட்ச்தான் கொடுமை. உப்பும் சர்க்கரையும் போட்ட நிம்பு பானியைச் சொம்பு சொம்பாகக் குடித்தாலும் சிறுநீர் வராது, அத்தனையும் வியர்வையாகப் போய்விடும்.

கண் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று, எண்ணெயைப் பீய்ச்சும் ஸ்பிரேயர். அது அடைத்துக்கொண்டால் புகைபோக்கியில் கறுப்பாகப் புகை வரும். அடுத்த நிமிடமே மேலிருந்து போனில் வசவு வரும். இன்னொன்று, பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக்குழாய். தண்ணீர் மட்டம் அதில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவிட்டால் எங்கள் கதை முடிந்தது. என்னைப் பழக்கிய மலையாளச் சீஃப், "எடா தம்பி, பெண்டாட்டி முகத்தைக்கூட மறக்கலாம், அந்தக் கண்ணாடியை மறக்காதே" என்பார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

பாய்லர் கடல் தண்ணீரைக் குடிக்காது. உப்பு உள்ளே போனால் குழாய்களுக்குள் படிந்து, சூடு தாங்காமல் வெடிக்கும். எனவே கடல் நீரை எவாப்பரேட்டரில் ஆவியாக்கிக் குளிரவைத்து நல்ல தண்ணீர் எடுப்போம். எடுத்ததையும் நம்பிவிட முடியாது. சோதனைக் குழாயில் கொஞ்சம் பிடித்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுவோம். பால் விட்டதுபோல் கலங்கினால் எங்கோ உப்புக் கசிகிறது என்று அர்த்தம். அப்புறம் யாருக்கும் தூக்கம் கிடையாது. தேறிய தண்ணீரில் முதல் பங்கு பாய்லருக்கு, அடுத்தது சமையலுக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் குளிப்பதும் துவைப்பதும் மிச்சத்தில்தான். (துணி துவைப்பதற்கு ஆங்கிலேய மாலுமிகளே 'தோபி' என்ற நம் நாட்டுச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். சொல்லைக் கொண்டுபோனவர்கள் தண்ணீரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.)

இந்தக் கணக்கில் துண்டு விழவைப்பது மேலே இருந்த கேட்டபுல்ட். சீ ஹாக், அலிசே விமானங்களை முன்னே உந்தி வீசும் நீராவிக் கவண் அது. அதற்கான ஆவியும் எங்கள் பாய்லரிலிருந்துதான். ஒரு விமானம் கிளம்பியதும் மேல்தளத்தில் வெள்ளையாக ஆவி எழும். படம் பிடிப்பவர்களுக்கு அழகு. எங்களுக்கோ அது திரும்பி வராத தண்ணீர். டர்பைனுக்குப் போகும் ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கவணுக்குப் போனது காற்றோடு போச்சு. 'தட்' என்ற அதிர்வு கீழே கேட்கும், பிரஷர் முள் இறங்கும், கூடவே பக்கத்தில் நிற்கும் பஞ்சாபி ஸ்டோக்கர், "போச்சு, உன் பக்கெட்" என்று இந்தியில் முனகுவான். விமானம் பறந்த நாட்களில் நாங்கள் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு படுத்தோம்.

1971 போரில் நான் இல்லை. கீழே இருந்தவர்கள் சொல்லக் கேட்டதுதான். நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். ஆவி குறைந்தால் வேகம் குறையும். விமானம் கிளம்ப எதிர்க்காற்று வேண்டும். காற்று செத்த வேளையில் கப்பல்தான் ஓடி அந்தக் காற்றை உண்டாக்கித் தர வேண்டும். நொண்டிக் கப்பலை வைத்துக்கொண்டு எப்படிப் போருக்குப் போவது என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். கிழக்குக் கட்டளையின் தலைவராக இருந்த, நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் துணிந்தார். விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாக எதிரியை நம்பவைத்தார். பொய்யாக வயர்லெஸ் செய்திகள் பறந்தன; இறைச்சியும் காய்கறியும் ஏராளமாக வாங்குவதாக அங்கே ஆர்டர் போனது. தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலடியில் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரிலும் சிட்டகாங்கிலும் குண்டு போட்டன. சீஃப் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நாங்கள் ஒரு விமானத்தையும் பார்க்கவில்லை. 'தட்' சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்" என்றார்.

1997 ஜனவரி 31-ல் விக்ராந்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். சில காலம் மும்பையில் காட்சிக்கு வைத்திருந்து, 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு விற்று உடைத்தார்கள். அந்த இரும்பைக் கொஞ்சம் உருக்கிச் சேர்த்து பஜாஜ் 'வி' என்று ஒரு பைக்கும் வந்தது. எதிர்வீட்டுப் பையன் ஒன்று வைத்திருக்கிறான். சைலன்ஸரில் கறுப்பாகப் புகை வந்தால் திண்ணையிலிருந்தே கத்துகிறேன். அவனுக்குக் காரணம் தெரியாது, கிழவருக்கு முன்கோபம் என்று நினைத்துக்கொள்கிறான்.

மொட்டைமாடி டேங்க் நிறைந்து தண்ணீர் வழியும் சத்தம் கேட்டால் எந்தத் தூக்கத்திலும் எழுந்துவிடுவேன். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து படுக்கும்போது வீட்டுக்காரி கேட்பாள்: "இப்ப மணி என்ன தெரியுமா?" தெரியும். மிடில் வாட்ச்.