பாட்டு மறந்த பறவை

பறவைகளைப் பாதுகாப்பது என்றதும் நமக்குத் தோன்றுவது இரண்டு வேலைகள். இருக்கிற காட்டை வெட்டாமல் காப்பது, போன இடத்தில் மரம் நடுவது. இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் இவை மட்டும் போதாமல் போகும் ஒரு கட்டம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவின் ரீஜென்ட் ஹனியீட்டர் நல்ல உதாரணம். கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்துவருகிறேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

கருப்பும் மஞ்சளுமான உடல், ஏறக்குறைய மைனா அளவு. பூந்தேனைக் குடித்தாலும் நம்மூர் தேன்சிட்டுக்கு நெருங்கிய சொந்தம் கிடையாது. ஒரு காலத்தில் தென்கிழக்கு ஆஸ்திரேலியா முழுக்கப் பெருங்கூட்டங்களாகத் திரிந்தது. இன்று காட்டில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் முற்றிலும் அழிந்துவிட்டது.

காரணம் எளிது. இது நம்பியிருப்பது சில வகை யூகலிப்டஸ் மரங்களின் தேனை. நம்மூரில் தைலமரம் என்றால் காகித ஆலைக்காக வரிசையாக நட்ட தோப்பு, தண்ணீரை உறிஞ்சுகிறது என்ற புகார். அங்கே அதுதான் இயற்கையான காடு. அந்த மரங்கள் எல்லா வருஷமும் ஒரே மாதிரி பூக்காது. எங்கே பூக்கிறதோ அங்கே பறவை போகும். தேன் அதிகம் சுரக்கும் மரங்கள் வளமான மண்ணில் நின்றன. வளமான மண் என்றால் விவசாயிக்கும் அதுதானே வேண்டும்? கோதுமைக்கும் ஆட்டு மேய்ச்சலுக்கும் அந்தக் காடுகளே முதலில் வெட்டப்பட்டன. மிஞ்சியவை பெரும்பாலும் துண்டு துண்டான காடுகள்.

துண்டுக் காட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாய்சி மைனர் என்ற பறவை (மைனா இல்லை, இதுவும் ஹனியீட்டர் குடும்பம்தான்) காட்டின் விளிம்புகளில் பெருகும். கூட்டமாகச் சேர்ந்து மற்ற சிறு பறவைகளை விரட்டிவிடும். இதுவும் அந்த மண்ணின் பறவையே, வெளியிலிருந்து வந்ததல்ல. ஆனாலும் இதன் அடாவடியை ஆஸ்திரேலிய அரசு 2014-இல் ஓர் அதிகாரபூர்வ அச்சுறுத்தலாகவே பட்டியலிட்டது. ரீஜென்ட் பறவைகள் நூறு நூறாக இருந்தபோது எதிர்த்து நின்றிருக்கும். இரண்டும் மூன்றுமாக வந்தால் ஓடத்தான் வேண்டும்.

இதுவரை வாழிடத்தின் கதை. இனிதான் எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம்.

பாடும் பறவைகளில் பலவற்றுக்குப் பாட்டு பிறப்பிலேயே முழுசாக வருவதில்லை. குஞ்சு கேட்டுத்தான் கற்கும். ரீஜென்ட் ஆண் பறவை கூடு கட்டிய பிறகு பெரும்பாலும் பாடாது. எதிரிகள் கூட்டைக் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா? ஆக அப்பாவிடம் கற்க வழியில்லை. கூட்டை விட்டுக் கிளம்பிய இளம் ஆண், அக்கம்பக்கத்தில் பாடும் மற்ற ஆண்களைக் கேட்டுப் பழக வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருமே இல்லையென்றால்?

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ராஸ் கிரேட்ஸ் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அவர்கள் கவனித்த ஆண்களில் சுமார் 12 சதவீதம் தன் இனத்தின் பாட்டைப் பாடவே இல்லை. ஃப்ரையர்பேர்டு, கரவாங் போன்ற வேறு பறவைகளின் குரலைக் கற்றுக்கொண்டு பாடின. குருவில்லாத வித்தை என்பது இதுதான். அப்படி வித்தியாசமாகப் பாடிய ஆண்களுக்கு ஜோடி கிடைப்பதும் குறைவு, கூடு கட்டுவதும் குறைவு. எண்ணிக்கை குறைந்ததால் பாட்டு மறந்தது. பாட்டு மறந்ததால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. நிரலில் வெளியேற வழியில்லாத லூப் மாதிரி.

சிட்னியின் டாரோங்கா உயிரியல் பூங்காவில் 1995 முதல் இவற்றை வளர்க்கிறார்கள். வளர்ந்தவற்றைக் காட்டிலும் விடுகிறார்கள். ஆனால் கூண்டில் வளர்ந்தவை பாடியது காட்டுப் பறவைகளின் பாட்டைவிடச் சின்னதாக, எளிமையாக இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. இங்கே உடல் பத்திரமாக இருந்தது, பாட்டு சேமிக்கப்படவில்லை. அதனால் இப்போது பூங்காவிலேயே பாட்டு வகுப்பு நடக்கிறது. காட்டுப் பாட்டின் ஒலிப்பதிவைக் குஞ்சுகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். காட்டில் பிறந்த ஆண் பறவைகளை ஆசிரியராகவும் வைக்கிறார்கள். ஒலிப்பதிவைவிட உயிருள்ள ஆசிரியரிடம் நன்றாகக் கற்கின்றன.

இதனால் மரம் நடுவது வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டுக் கற்ற பறவைக்கும் தேன் வேண்டுமே. நியூ சவுத் வேல்ஸின் கேப்பர்ட்டி பள்ளத்தாக்கில் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக இந்த மரங்களை நட்டுவருகிறார்கள். ஆனால் நட்ட கன்று நிறையத் தேன் தருமளவு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை பறவை தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். எதிரியை விரட்ட, பாட்டுக் கற்க, ஜோடி தேட, எல்லாவற்றுக்கும் இந்தப் பறவைக்கு ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. 300 பறவைகள் ஒரே பள்ளத்தாக்கில் இருப்பதும், அதே 300 ஒரு பெருநாடு முழுக்கச் சிதறிக் கிடப்பதும் ஒன்றல்ல. அழிந்துவரும் இனங்களின் பட்டியலைப் பார்க்கும்போது எத்தனை மிச்சம் என்று மட்டும்தான் கேட்கிறோம். ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும்.