ஃபோர் ட்வென்ட்டியில் சிக்காத மோசடி

2013 ஐ.பி.எல். விவகாரத்தில் நம் நாளிதழ்கள் எல்லாவற்றுக்கும் ‘சூதாட்டம்’ என்றே தலைப்புப் போட்டன. காசு வாங்கிக்கொண்டு ரன் கொடுத்ததாக ராஜஸ்தான் வீரர்கள் மீது எழுந்த புகாரும் சூதாட்டம். சென்னை அணி நிர்வாகி ஒருவர் பந்தயம் கட்டியதாக, விவகாரத்தை விசாரித்த முத்கல் குழு சொன்னதும் சூதாட்டம். அணிக்குள் இருப்பவர் பந்தயம் கட்டுவது யோக்கியமான காரியமல்ல. ஆனாலும் அது வேறு குற்றம். பந்தயம் கட்டுபவர் முடிவு தெரியாமல் பணம் வைக்கிறார். காசு வாங்கி ரன் கொடுக்கும் ஃபிக்ஸிங்கிலோ நடக்கப்போவதை முன்கூட்டியே விற்றுவிடுகிறார்கள். அதில் முதலில் ஏமாறுவதே பந்தயம் கட்டியவர்தான்.

ஒரு நோ-பாலால் ஆட்டமா மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2010 லார்ட்ஸ் டெஸ்ட்டில் மாறவில்லைதான். இங்கிலாந்து இன்னிங்ஸ் மற்றும் 225 ரன்களில் வென்றது. ஆனால் அங்கே விலைபோனது வெற்றி தோல்வி அல்ல. பந்தயக் கும்பலின் ஆளாக நடித்த நிருபரிடம் இடைத்தரகர் 1,50,000 பவுண்டு வாங்கிக்கொண்டு, எந்தப் பந்து நோ-பால் என்று முன்பே சொன்னார். பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் ஆமிரும் ஆசிஃபும் சொன்னபடியே கோட்டைத் தாண்டினார்கள். வீரர்கள் தன் பிடியில் இருக்கிறார்கள் என்பதற்கு அவர் காட்டிய சாம்பிள் அது. 2011-இல் அவரும், கேப்டன் சல்மான் பட் உட்பட மூன்று வீரர்களும் லண்டனில் சிறைக்குப் போனார்கள்.

இங்கே நிலைமை வேறு. ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்று திட்டுகிறோம். ஆனால் மேட்ச் ஃபிக்ஸிங் இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவில் வராது என்று 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏமாற்றி, பணத்தையோ பொருளையோ கொடுக்க வைத்திருக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. ரசிகரோ தானாக விரும்பி டிக்கெட் வாங்குகிறார். சட்டத்தின் வாசகப்படி இந்தத் தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். கிரிக்கெட் வாரியம் தண்டிக்கிறதே, போதாதா என்றால், போதாது. வாரியத்தால் வீரருக்குத் தடை போட முடியும். அதன் விதிகளுக்கு வெளியே நின்று பந்தயம் நடத்தும் புக்கியை ஒன்றும் செய்ய முடியாது. இலங்கை 2019-லேயே ஃபிக்ஸிங்குக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 10 ஆண்டு வரை சிறை என்று எழுதிவிட்டது. நம்மிடம் 2024 ஜூலையில் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய நியாய சன்ஹிதா வந்தபோது 420 என்ற எண் 318 ஆனது. மோசடிக்கான வரையறை அப்படியே இருக்கிறது.