வான்கூவரில் ஏன் கப்பல் ஏற வேண்டும்? அலாஸ்கா சொகுசுப் பயணம் பற்றிச் சில குறிப்புகள்

நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு பயணத் திட்டத்தை அனுப்பி, "அப்பா அம்மாவை இதுல அனுப்பலாமா, பாத்து சொல்லு" என்றார். வான்கூவரில் இரண்டு இரவு. அங்கிருந்து சின்ன விமானம், படகு என்று மாறி மாறிப் போய், சாலையே இல்லாத ஒரு காட்டு விடுதியில் நான்கு இரவு. திரும்பி வந்து கப்பல் ஏறி, ஏழு இரவு வடக்கே அலாஸ்காவுக்கு. கரடி, திமிங்கிலம், பனிப்பாறை எல்லாம் உண்டு. விலையைப் பார்த்தேன். நம்ம ஊரில் ஒரு நல்ல கார் வாங்கிவிடலாம்.

நான் அந்தக் கப்பலில் ஏறியதில்லை. ஆனால் திட்டத்தைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி உறுத்தியது. அலாஸ்கா அமெரிக்காவில் இருக்கிறது. பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். பிறகு ஏன் கனடாவில் கப்பல் ஏற வேண்டும்? அதைத் தேடப்போய் வேறு எங்கெங்கோ போய்விட்டேன். இந்தக் குறிப்பு அப்படி வந்ததுதான்.

விடை 1886-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தில் இருக்கிறது. ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறும் பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கும் உரிமை, அமெரிக்காவில் கட்டி, அமெரிக்கக் கொடியோடு ஓடும் கப்பலுக்கு மட்டும்தான் என்கிறது அது. உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பாற்றப் போட்ட சட்டம். காப்பாற்ற வேண்டிய தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டது, சட்டம் மட்டும் நிற்கிறது. இன்றைய பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் கட்டப்பட்டு, பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடுபவை. அதனால் சியாட்டிலில் ஆளை ஏற்றி அலாஸ்காவின் சீவர்டில் இறக்கிவிட்டு வர முடியாது. வான்கூவரில் ஏற்றினால் பயணம் வெளிநாட்டில் தொடங்கியதாகக் கணக்கு, பிரச்சினை இல்லை. சியாட்டிலிலேயே ஏற்றி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்களும் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் அவை பலவும் கடைசி நாள் மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நின்றுவிட்டு வருகின்றன. ஊர் சுற்றிக் காட்டும் ஆசையெல்லாம் அப்புறம், முதலில் சட்டம்.

கொரோனா காலத்தில் இந்தப் பழைய சட்டம் உண்மையிலேயே கடித்தது. கனடா தன் துறைமுகங்களை மூடியதும், அலாஸ்காவுக்குப் போகும் பெரிய கப்பல்களுக்குச் சட்டப்படி வழியே இல்லாமல் போனது. 2020 பருவம் போச்சு. கோடை வருமானத்தை நம்பியிருந்த சின்ன ஊர்கள் தவித்தன. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்கு கொடுத்த பிறகுதான் கப்பல்கள் மறுபடி ஓடின.

இந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அறுபது, நூறு பேர் போகும் சின்னக் கப்பல்கள் சில அமெரிக்கக் கொடியோடு அலாஸ்காவில் ஓடுகின்றன. அவை கனடாவைத் தொட வேண்டியதில்லை. ஜூனோவில் ஏறி சிட்காவில் இறங்கலாம். பெரிய கப்பல் நுழைய முடியாத ஒடுக்கமான கடல் கால்வாய்களுக்குள்ளும் போகும். ஆனால் அமெரிக்கச் சம்பளம், அமெரிக்கக் கட்டுமானம், கொஞ்சம் பேர். டிக்கெட் விலை ஏன் தலைசுற்றுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். இங்கே 'சொகுசு' என்பதற்கு அர்த்தம் தங்கக் குழாய் இல்லை, கூட்டம் இல்லாமை.

சரி, வழிக்கு வருவோம். வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி, பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரமாக அலாஸ்காவின் தென்கிழக்கு வால் வரைக்கும், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவுகளுக்கு இடையே ஒரு நீர்வழி ஓடுகிறது. பெயர் இன்சைட் பாசேஜ். அலாஸ்கா பகுதியில் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட தீவுகள். பசிபிக் அலையைத் தீவுகள் தடுத்துவிடுவதால் கப்பல் அவ்வளவாக ஆடாது. வயதானவர்களுக்கு வசதி. முன்பு பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் நுழைந்ததால் வந்த அமைப்பு இது. மழை மட்டும் விடாது. கெட்சிகன் என்ற ஊரில் ஆண்டுக்கு 3,800 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. சென்னைக்கு 1,400 சொச்சம்.

அந்த மழைதான் காட்டை வளர்க்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பகுதியில் இந்தக் காட்டுக்கு கிரேட் பேர் மழைக்காடு என்று பெயர். 64 லட்சம் ஹெக்டேர். பல ஆண்டு மரம்வெட்டும் சண்டைக்குப் பிறகு, 2016-இல் அரசு, பூர்வகுடிகள், மரக் கம்பெனிகள், சூழலியல் அமைப்புகள் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாட்டில் 85 சதவீதக் காட்டில் கோடாரி விழாது என்று முடிவானது.

நண்பரின் திட்டத்தில் இருந்த விடுதி மாதிரி இங்கே பல உண்டு. எனக்குப் பிடித்துப்போனது ஸ்பிரிட் பேர் லாட்ஜ். க்ளெம்டு என்ற கிராமத்தில் இருக்கிறது. சாலை கிடையாது. பெல்லா பெல்லா வரை விமானம், அங்கிருந்து படகு. சொந்தக்காரர்கள் கிட்டாசூ சாய்சாய்ஸ் என்ற பூர்வகுடி மக்கள். பார்க்கப் போவது வெள்ளைக் கரடி.

இது பனிக்கரடி இல்லை, வெளிறல் நோய் பிடித்த கரடியும் இல்லை. சாதாரணக் கருங்கரடியில் ஒரே ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் வந்த வெள்ளை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி வெள்ளையாகும். அதனால் இரண்டு கறுப்புக் கரடிகளுக்கும் வெள்ளைக்குட்டி பிறக்கலாம். வேறு இடங்களில் மிக அபூர்வமான இது, இங்குள்ள ஒன்றிரண்டு தீவுகளில் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில்கூட இருக்கிறது. ஏன் அழியாமல் நிற்கிறது? விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டாம் ரைம்கென் குழு ஆற்றங்கரையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. பகலில் மீன் பிடிப்பதில் வெள்ளைக் கரடி கறுப்பை முந்துகிறது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் சால்மனுக்கு, வெளுத்த வானத்தின் முன்னால் வெள்ளை உருவம் சட்டென்று தெரிவதில்லை. இரவில் இருவரும் சமம்.

அதே ரைம்கென்தான் இன்னொன்றையும் காட்டினார். கரடிகள் சால்மனைக் காட்டுக்குள் இழுத்துப்போய், ருசியான பாகத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகின்றன. அது மட்கி மண்ணில் இறங்குகிறது. கடலிலிருந்து வந்த நைட்ரஜனை மரங்களின் வளையங்களிலேயே அடையாளம் காண முடிகிறது. மீன் குறைந்தால் கரடி மட்டுமில்லை, மரமும் இளைக்கும்.

இந்தக் கரடிகளைச் சுட்டு, தலையை மாட்டி வைக்கும் கோப்பை வேட்டை இங்கே பணம் தரும் தொழிலாக இருந்தது. கரையோரப் பூர்வகுடிகள் 2012-இல் தங்கள் நிலத்தில் அதற்குத் தடை என்று தாங்களாகவே அறிவித்தார்கள். மாகாண அரசு உடனே கேட்கவில்லை. 2014-இல் வந்த ஓர் ஆய்வு, இந்தக் காட்டில் கரடி பார்க்க வருபவர்கள் செலவழிப்பது வேட்டைக்காரர்கள் செலவழிப்பதைப்போல 12 மடங்கு என்று காட்டியது. 2017 டிசம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியா முழுவதும் கிரிஸ்லி கரடி வேட்டைக்குத் தடை வந்தது. பணக்காரச் சுற்றுலாவைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சலிப்பு உண்டு. ஆனால் இந்த இடத்தில் அந்தப் பணம் ஒரு வாதத்தை ஜெயிக்க உதவியிருக்கிறது, மறுப்பதற்கில்லை.

கப்பல் பக்கம் வந்தால் கணக்கு இவ்வளவு சுலபமாக இல்லை. ஜூனோவை எடுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவின் தலைநகரம். வெளியூரிலிருந்து சாலை வழியாக வர முடியாது. மக்கள்தொகை 32,000 சொச்சம். 2023-இல் வந்து இறங்கிய கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கும் மேல். கோடையில் ஒரே நாளில் ஊர் ஜனத்தொகையில் பாதி அளவு ஆட்கள் கரையிறங்கினால் என்ன ஆகும்? நகைக்கடைகளுக்குக் கொண்டாட்டம். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல். 2024 முதல் ஒரு நாளுக்கு ஐந்து பெரிய கப்பல் மட்டும் என்று நகராட்சி கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. 2026 முதல் நாளுக்கு 16,000 படுக்கை, சனிக்கிழமை மட்டும் 12,000 என்று இன்னொரு வரம்பு. சனிக்கிழமைகளில் கப்பலே வேண்டாம் என்று சிலர் கொண்டுவந்த தீர்மானம் 2024 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஊர்க்காரர்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்று தோற்கடித்தார்கள். எரிச்சலும் உண்டு, பிழைப்பும் வேண்டும்.

அங்கே எல்லோரும் போய்ப் படம் எடுக்கும் மெண்டன்ஹால் பனியாற்றின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. துணைப் பனியாறு ஒன்று பின்வாங்கியதால் உண்டானது. அதில் தேங்கும் நீர், பனியைத் துளைத்துக்கொண்டு ஒரேயடியாக வெளியேறுகிறது. 2023, 2024, 2025 என்று மூன்று ஆகஸ்ட் மாதங்களிலும் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு வெள்ள ஆபத்து. பயணிக்கு அது அஞ்சலட்டைப் படம். அங்கே குடியிருப்பவருக்கு ஆகஸ்ட் வந்தால் மணல் மூட்டை.

அடுத்தது க்ளேசியர் பே. எனக்கு இந்தப் பயணத்திலேயே கனமான இடம் இதுதான். 1794-இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இங்கே வளைகுடாவே இல்லை. வாய்க்கருகிலேயே பனிச்சுவர். 1879-இல் ஜான் மியூர் வந்தபோது பனி பல கிலோமீட்டர் உள்ளே போயிருந்தது. 1916-இல் வாயிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிவிட்டது. கப்பலில் வழிகாட்டிகள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள், பனி விலகி வெறும் பாறையில் உயிர் எப்படித் திரும்பியது என்று.

ஆனால் அதற்கு முன் என்ன இருந்தது? பனி முன்னேறுவதற்கு முன் அது ஹூனா டிலிங்கிட் மக்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு. 1700-களில் பனியாறு வேகமாகப் பாய்ந்து வர, ஊரை விட்டுக் கடலின் மறுகரைக்குப் போனார்கள். இன்றைய ஹூனா கிராமம் அதுதான். பனி விலகியதும் மீன் பிடிக்க, சீல் வேட்டையாட, முட்டை எடுக்க அவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். 1925-இல் அரசு அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னமாக அறிவித்தது, 1980-இல் தேசியப் பூங்காவாக்கியது. மனிதர் தொடாத காடு என்று பலகை வைத்துவிட்டால், தொட்டவர்கள் அத்துமீறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். முட்டை எடுப்பதே குற்றமானது.

கடற்காக்கை முட்டை எடுக்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. அந்தப் பறவை பொதுவாக மூன்று முட்டை இடும், பிறகு அடைகாக்க உட்காரும். கூட்டில் ஒன்றோ இரண்டோ இருந்தால் எடுக்கலாம், பறவை மறுபடி இட்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ளும். மூன்று இருந்தால் கை வைக்கக்கூடாது. ஆய்வாளர்கள் பல ஆண்டு கழித்து இதைப் பரிசோதித்து, இப்படி எடுத்தால் பறவைக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்றார்கள். 2014-இல் அதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. 2016-இல் பூங்காவின் பார்ட்லெட் கோவ் கரையில், செதுக்கிய மரத்தூண்களோடு அவர்களுடைய குலவீடு ஒன்று எழுந்தது.

ஹூனா கிராமத்தில் பழைய சால்மன் டப்பா ஆலையைப் புதுப்பித்து, 2004-இல் ஐசி ஸ்ட்ரெய்ட் பாயிண்ட் என்ற கப்பல்துறையையும் திறந்தார்கள். 1971-இன் நிலத்தீர்வுச் சட்டத்தால் உருவான கிராமக் கம்பெனியான ஹூனா டோட்டம்தான் அதற்கு முதலாளி. ஜூனோ நகைக்கடைகளோடு ஒப்பிட்டால் பணம் எங்கே தங்குகிறது என்பது வேறுமாதிரி இருக்கிறது.

க்ளேசியர் பேக்குள் நாளுக்கு இரண்டு பெரிய கப்பல்தான் அனுமதி. திமிங்கிலம் கூடும் இடங்களில் வேகக் கட்டுப்பாடும் உண்டு. பார்ட்லெட் கோவில் 14 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஹம்ப்பேக் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'ஸ்னோ' என்று பெயர். 2001-இல் ஒரு சொகுசுக் கப்பல் மோதி இறந்தது, அப்போது அது சூலுற்றிருந்தது. கூடு நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பூங்காவுக்குள் இருக்கும் ஒரே தங்கும் விடுதி.

நண்பருக்கு நான் எழுதிய பதில் இவ்வளவு நீளம் இல்லை. திட்டத்தில் ஜூன் என்று போட்டிருந்தது. ஜூனில் மழை கொஞ்சம் குறைவு, பகல் நீளம், திமிங்கிலமும் பனியும் கிடைக்கும். ஆனால் வெள்ளைக் கரடி ஆற்றுக்கு வருவது சால்மன் ஏறும்போது, அதாவது செப்டம்பரில். அப்போது மழை பிடித்துக்கொள்ளும், கப்பல் பருவமும் முடியப் போகும். இரண்டும் வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் பாதிதான் வழி, முதலில் கப்பல், பிறகு தெற்கே வந்து விடுதி, என்று சொன்னேன். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டாம். படகில் ஏறி இறங்க வேண்டியிருக்கும், அதையும் விடுதியில் கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.